புகைமூட்டம் வீட்டுக்குள் வந்தால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

சுமத்ராவிலும் கலிமந்தானிலும் சதுப்புக் கரிமண் ஒருமுறை பற்றிக்கொண்டால், மேலே தீ அணைந்தபின்னும் மண்ணுக்குள் வாரக்கணக்கில் புகைந்துகொண்டிருக்கும். ஜூன் முதல் அக்டோபர் வரையிலான வறண்ட மாதங்களில் காற்று நம் பக்கம் திரும்பினால் சிங்கப்பூரும் ஜொகூரும் அந்தப் புகைக்குள் முழுகிவிடும். 1997, 2013, 2015, 2019 என்று இது திரும்பத் திரும்ப வருகிறது. 2013 ஜூன் 21 அன்று சிங்கப்பூரில் 3 மணி நேரக் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 401ஐத் தொட்டது. அதே வாரம் ஜொகூரின் மூவாரில் அவசரநிலை அறிவித்தார்கள். 2015 செப்டம்பர் 25 அன்று இங்கே தொடக்கப்பள்ளி, உயர்நிலைப்பள்ளி எல்லாவற்றையும் மூடினார்கள்.

ஒவ்வொரு புகைமூட்டத்திலும் எங்கள் புளோக்கில் அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் போய்ப் பார்க்கிறேன். குறைகள் பெரும்பாலும் ஒன்றேதான். பலரும் முதல் வேலையாகக் கடைக்கு ஓடி விலையுயர்ந்த இயந்திரம் வாங்குகிறார்கள். ஆனால் புகை உள்ளே வரும் வழி அப்படியே திறந்திருக்கும். அதனால் கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் காசு செலவாகாத சோதனையை முதலில் வைத்திருக்கிறேன். செலவு பிடிப்பது கடைசியில். உங்கள் வீட்டில் என்ன குறையோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஆனால் முதல் தலைப்பை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

## எதற்கும் முன்னால்: இது புகைமூட்டம்தானா, பக்கத்தில் தீயா?

புகைமூட்ட நாட்களில் எல்லோருக்கும் மூக்கு பழகிவிடுகிறது. "வெளியே புகைதானே" என்று இருந்துவிடுகிறோம். அதுதான் ஆபத்து.

புகைமூட்டத்தின் வாடை ஈரமான விறகு கருகுவதுபோல இருக்கும். மெதுவாக ஏறும், எல்லா ஜன்னலிலும் ஒரே மாதிரி வரும். பிளாஸ்டிக், ரப்பர், வயர் கருகும் வாடை என்றாலோ, வாடை ஒரே பக்கத்திலிருந்து திடீரென்று வந்தாலோ, தாழ்வாரத்தில் போய்ப் பாருங்கள். ஏதாவது ஒரு வீட்டு ஜன்னலிலிருந்து புகை வந்தால், மின்பெட்டிப் பக்கம் சூடாக இருந்தால், உடனே 995ஐ அழையுங்கள். ஜொகூரில் 999.

வீட்டுக்குள் இருக்கும் தீ எச்சரிக்கைக் கருவி நிமிடத்துக்கொரு தடவை "கீச்" என்று ஒலித்தால் பெரும்பாலும் பேட்டரி தீர்ந்திருக்கும், மாற்றுங்கள். விடாமல் அலறினால் முதலில் வீட்டைப் பாருங்கள். புகைமூட்டம் என்று சொல்லி அதைக் கழற்றி வைப்பது மட்டும் கூடவே கூடாது.

## மூக்கு ஒன்று சொல்கிறது, செயலியில் எண் வேறு சொல்கிறது

வாடை பலமாக இருக்கிறது, எண் குறைவு. எந்த எண்ணைப் பார்க்கிறீர்கள் என்று முதலில் பாருங்கள். செயலியில் தெரியும் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 24 மணி நேரச் சராசரி. காலையில் நன்றாக இருந்து மதியம் புகை இறங்கினால், அந்தக் குறியீடு மெதுவாகத்தான் ஏறும். ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்று முடிவு செய்ய உங்களுக்குத் தேவை 1 மணி நேர பிஎம் 2.5 அளவு, அதாவது காற்றில் இருக்கும் நுண்துகளின் அளவு. தேசியச் சுற்றுப்புற அமைப்பு அதையும் மணிக்கு மணி வெளியிடுகிறது. வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு, மத்தி என்று ஐந்து வட்டாரமாக இருக்கும். உங்கள் வட்டாரத்தைப் பாருங்கள். ஜூரோங்கில் ஒன்று இருக்கும், பாசிர் ரிஸில் வேறு இருக்கும்.

அந்த 1 மணி நேர அளவு ஒரு கன மீட்டருக்கு 55 மைக்ரோகிராம் வரை வழக்கமானது. 56 முதல் 150 வரை கூடுதல், 151 முதல் 250 வரை அதிகம், அதற்கு மேல் மிக அதிகம். குழந்தை, வயதானவர், ஆஸ்துமாக்காரர் இருக்கும் வீட்டில் 55ஐத் தாண்டியதும் மூடத் தொடங்குவது நல்லது என்பது என் கருத்து.

1 மணி நேர எண்ணும் குறைவாகவே இருந்தால் புகை பக்கத்தில்தான். ஆகஸ்ட், செப்டம்பரில் சீனர்களின் ஏழாம் மாதத்துக்குக் கீழ்த்தளத்தில் காகிதம் எரிப்பார்கள். பக்கத்து வீட்டில் சாம்பிராணி போட்டிருக்கலாம். அந்தப் பக்க ஜன்னலை ஒரு மணி நேரம் மூடி வைத்தால் போதும்.

வாடையே இல்லை, எண் அதிகம். எண்ணை நம்புங்கள். மூக்கு அரை மணி நேரத்தில் பழகிவிடும். தூரத்தில் தெரியும் புளோக்கின் விளிம்பு மங்கலாக இருந்தால் அதுவும் சாட்சி.

உங்கள் சொந்தக் கருவி அதிகம் காட்டுகிறது, அரசாங்க எண் குறைவு. வீட்டுக் கருவிகள் ஒளியை வைத்துத் துகளை எண்ணுபவை. ஈரப்பதத்தையும் துகளாக எண்ணிவிடும். குளியலறைக் கதவு திறந்திருந்தாலோ, ஈரப்பதமூட்டி ஓடினாலோ, பக்கத்தில் தாளித்தாலோ எண் தாவும். கருவியை அறை நடுவில், இடுப்பு உயரத்தில் வைத்துப் பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். எண் ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரிந்தால் போதும்.

## ஜன்னல் எல்லாம் மூடியும் உள்ளே புகை வருகிறது

நான் அதிகம் பார்ப்பது இந்தக் குறையைத்தான். இதில் பாதி, புகையை நாமே உள்ளே இழுத்துக்கொள்வதால் வருவது.

வீட்டிலிருந்து காற்றை வெளியே தள்ளும் எதுவானாலும், அதே அளவு காற்று வேறு இடுக்கு வழியாக உள்ளே வந்தே தீரும். ஆகவே முதல் சோதனை: குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேன், அடுப்புக்கு மேலிருக்கும் ஹூட், இரண்டையும் நிறுத்துங்கள். ஒரு மெல்லிய டிஷ்யூத் தாளை வாசல் கதவின் அடி இடுக்கில் பிடித்துப் பாருங்கள். விசிறி ஓடும்போது தாள் உள்பக்கம் இழுபட்டு, நிறுத்தியதும் தொங்கினால் காரணம் கிடைத்துவிட்டது.

அடுத்தது தரையில் நிற்கும் போர்ட்டபிள் ஏர்கான். ஒற்றைக் குழாயை ஜன்னலில் செருகி வைப்பார்களே, அது. அது சூடான காற்றோடு வீட்டுக் காற்றையும் வெளியே தள்ளுகிறது, வெளிக்காற்றை இடுக்கு வழியே இழுக்கிறது. புகை நாளில் அதை நிறுத்துவதுதான் வழி. சுவரில் மாட்டும் ஸ்பிளிட் ஏர்கானுக்கு இந்தக் குறை இல்லை. அது அறைக் காற்றையேதான் சுழற்றுகிறது. பழைய ஜன்னல் ஏர்கானில் வெளிக்காற்று விடும் சிறு கதவு ஒன்று இருக்கும். அதை மூடும் குமிழ் முகப்பிலேயே இருக்கும்.

இவை எல்லாம் சரி, இன்னும் வருகிறது என்றால் இடுக்குகளைத் தேடுங்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் நான் இந்த வரிசையில் பார்ப்பேன்:

- குளியலறையின் லூவர் ஜன்னல். கண்ணாடிப் பட்டைகள் ஒன்றோடொன்று சேர்ந்து மூடவே மூடாது. உள்பக்கமாகத் தடித்த பிளாஸ்டிக் தாளை வைத்து மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். அல்லது குளியலறைக் கதவை எப்போதும் மூடி, அடியில் துண்டைச் சுருட்டி வையுங்கள்.
- வாசல் கதவின் அடி. ஈரத்துண்டு போதும், காய்ந்தால் நனைத்துக்கொள்ளலாம்.
- நகரும் ஜன்னலின் இரண்டு கதவும் சேரும் இடம். அங்கே பிரஷ் பட்டை தேய்ந்திருக்கும்.
- ஏர்கான் குழாய் சுவரைத் துளைத்துப் போகும் ஓட்டை. இதை யாரும் பார்ப்பதில்லை. வெள்ளைப் பூச்சு உதிர்ந்து விரல் நுழையும் அளவுக்கு இருக்கும். ஏர்கான்காரர்கள் வைத்திருக்கும் களிமண் போன்ற அடைப்புப் பசையை வைத்து அடைத்துவிடலாம்.
- சமையலறையில் குப்பை போடும் துவாரத்தின் மூடி.

ஓர் எச்சரிக்கை. கேஸ் வாட்டர் ஹீட்டர் இருக்கும் இடத்தின் ஜன்னலையும் காற்றுத் துவாரத்தையும் மூடி டேப் ஒட்டாதீர்கள். கார்பன் மோனாக்சைடு சேர்ந்தால் வாடையே தெரியாது, உயிரைக் கொண்டுபோய்விடும். அந்த இடத்தைத் திறந்துவிட்டு, அதற்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கும் கதவை மூடுங்கள்.

இன்னொன்று பாம் ஷெல்டர், வீட்டுக்குள்ளேயே கட்டியிருக்கும் பாதுகாப்பு அறை. தடித்த கதவு, ஜன்னல் இல்லை, அங்கே போய் இருக்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டாம். அது சின்ன அறை, கதவை மூடினால் சுவாசிக்கிற காற்றே சீக்கிரம் கெட்டுப்போகும்.

எப்போது ஆள் கூப்பிடுவது: ஜன்னல் சட்டம் வளைந்து பூட்டே விழவில்லை, ரப்பர் முழுவதும் இறுகி உடைந்துவிட்டது என்றால் வீவக அங்கீகரித்த ஜன்னல் ஒப்பந்தக்காரரைக் கூப்பிடுங்கள். உயரமான மாடியில் ஜன்னல் கதவைக் கழற்றி மாட்டும் வேலையை நீங்களே செய்யாதீர்கள். அதற்குள் புகைமூட்டம் முடிந்துவிடும் என்றால், வீடு முழுவதையும் விட்டுவிட்டு ஒரே ஓர் அறையை மட்டும் நன்றாக மூடுங்கள். இடுக்கு குறைந்த படுக்கையறை, ஒரு சுத்திகரிப்பான், அதில் குழந்தையும் பாட்டியும். ஓட்டை நிறைந்த வீடு முழுவதற்கும் செலவழிப்பதைவிட இதில் பலன் அதிகம்.

## காற்றுச் சுத்திகரிப்பான் ஓடுகிறது, எண் இறங்கவில்லை

கடைக்காரரைக் கூப்பிடுவதற்கு முன் வரிசையாக இதைப் பாருங்கள்.

பிளாஸ்டிக் உறை. புதிய இயந்திரத்தில் ஃபில்டர் பிளாஸ்டிக் பையோடு உள்ளே இருக்கும். பின்மூடியைத் திறந்து பாருங்கள். பையோடு பல நாள் ஓடிய இயந்திரங்களைப் பார்த்திருக்கிறேன். ஃபில்டரின் அம்புக்குறி சரியான பக்கம் இருக்கிறதா என்பதையும் கையோடு பார்த்துவிடுங்கள்.

வேகம். ஆட்டோவிலோ ஸ்லீப்பிலோ விட்டால் சத்தம் வராது, காற்றும் வராது. பெட்டியில் போட்டிருக்கும் திறன் எல்லாம் உச்ச வேகத்துக்கு உரியது. முதல் ஒரு மணி நேரம் உச்சத்தில் ஓடட்டும். எண் இறங்கியபின் ஒரு படி குறைத்துக்கொள்ளலாம்.

இடம். சோபாவுக்குப் பின்னால், திரைச்சீலைக்கு அடியில் வைத்தால் தன் காற்றையே திரும்ப இழுத்துக்கொண்டிருக்கும். சுற்றிலும் ஒரு முழம் இடம் விடுங்கள்.

உள்ளேயே புகை. இதைச் சொல்லாமல் விட முடியாது. புகைமூட்டம் பல வருடம் நவராத்திரி, தீபாவளி நேரத்தை ஒட்டியே வருகிறது. மூடிய வீட்டில் ஓர் ஊதுபத்தி ஏற்றினால் உள்ளே நுண்துகள் வெளிக்காற்றை எட்டிப் பிடித்துவிடும். சாம்பிராணி அதற்கும் மேல். மிளகாய் தாளிப்பதும், எண்ணெய் காயவைத்து வடை சுடுவதும் அதே கணக்குதான். சாமிக்குப் பூவும் ஒரு சின்ன விளக்கும் போதும் என்று அந்தச் சில வாரம் வைத்துக்கொள்ளுங்கள், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். சமையலை அவித்தல், வேகவைத்தல் பக்கம் மாற்றுங்கள்: இட்லி, புட்டு, கஞ்சி, ரைஸ் குக்கர் சாதம். தாளித்தே ஆகவேண்டுமென்றால் 1 மணி நேர எண் குறைவாக இருக்கும் நேரம் பார்த்து, சமையலறை ஜன்னலைத் திறந்து, ஹூட் போட்டு, வீட்டுப் பக்கக் கதவை மூடிக்கொண்டு செய்துவிடுங்கள்.

அறைக்கு இயந்திரம் போதவில்லை. அறையின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் மீட்டரில் அளந்து பெருக்குங்கள். 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 2.6 மீட்டர் உயரம் என்றால் ஏறக்குறைய 31 கன மீட்டர். ஒரு மணி நேரத்தில் அந்தக் காற்று முழுவதும் குறைந்தது 3 தடவை, புகை பலமாக இருக்கும்போது 5 தடவை ஃபில்டர் வழியே போய்வர வேண்டும். ஐந்து தடவைக்கு மணிக்கு 155 கன மீட்டர் ஆகிறது. பெட்டியின் பக்கவாட்டில் சிஏடிஆர் என்று ஓர் எண் இருக்கும். இயந்திரம் எவ்வளவு சுத்தமான காற்றைத் தரும் என்பது அது, அதோடு ஒப்பிடுங்கள். அது நிமிடத்துக்குக் கன அடி என்று இருந்தால் 1.7ஆல் பெருக்கினால் மணிக்குக் கன மீட்டர் வந்துவிடும். "இத்தனை சதுர மீட்டருக்கு ஏற்றது" என்று போடுகிறார்களே, அதை நான் நம்புவதில்லை. ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு கணக்கு வைத்திருக்கிறது.

அளவு போதவில்லை என்றால் பெரிய இயந்திரம் வாங்குவதற்கு முன் அறையைச் சின்னதாக்குங்கள். கூடத்திலிருந்து இயந்திரத்தைப் படுக்கையறைக்குக் கொண்டுபோய்க் கதவைச் சாத்துங்கள்.

ஃபில்டர் அடைத்துவிட்டது. வெளிப்பக்க வலையைத் தண்ணீரில் கழுவலாம். உள்ளே மடிப்பு மடிப்பாக இருக்கும் ஹெப்பா ஃபில்டரை, கழுவலாம் என்று அதிலேயே எழுதியிருந்தால் ஒழியக் கழுவக் கூடாது. தண்ணீர் பட்டால் வீணாகிவிடும். வெள்ளையாக இருந்தது அடர்ந்த சாம்பல் நிறமாகி, காற்றும் குறைந்திருந்தால் மாற்றுங்கள். ஆறு மாதம், ஒரு வருடம் என்று போட்டிருப்பது சாதாரணக் காலத்துக்குத்தான். கடுமையான புகைமூட்டத்தில் அதற்கு வெகுமுன்பே தீர்ந்துவிடும். ஜூன் மாதமே ஒன்று வாங்கி வைத்துவிடுங்கள். புகை வந்தபின் கடையில் கிடைக்காது.

சென்சார் அழுக்கு. பக்கவாட்டில் சின்ன மூடிக்குள் இருக்கும் கண்ணாடியைக் காய்ந்த பஞ்சுக்குச்சியால் மெல்லத் துடையுங்கள். இது அழுக்கானால் எண் மேலேயே நிற்கும்.

இவ்வளவும் செய்தபின் ஒரு சோதனை. மிகச் சின்ன அறையில் இயந்திரத்தை வைத்து, கதவு ஜன்னல் மூடி, உச்ச வேகத்தில் அரை மணி நேரம் விடுங்கள். எண் பாதிக்கும் கீழே வந்தால் இயந்திரம் நன்றாக இருக்கிறது, குறை வீட்டில்தான். வரவில்லை என்றால் அப்போது பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோகலாம். மோட்டார் போயிருந்தால் செலவைக் கேட்டுவிட்டுப் புதிதாக வாங்குவதா என்று முடிவு செய்யுங்கள்.

வாங்குவதானால் ஓசோன் வெளியிடும் இயந்திரம் வேண்டாம். ஓசோன் நுரையீரலை எரிக்கும். விசிறிக்கு முன்னால் ஈரத்துணி தொங்கவிடுவதும், வாளித் தண்ணீர் வைப்பதும் நுண்துகளைப் பிடிக்காது.

## எண் இறங்கிவிட்டது, வாடை மட்டும் போகவில்லை

இது இயந்திரக் கோளாறு இல்லை. ஹெப்பா துகளைப் பிடிக்கும், வாயுவைப் பிடிக்காது. வாடை வாயுவில் இருக்கிறது. அதற்குக் கரி ஃபில்டர் வேண்டும், அதுவும் கனமாக இருக்க வேண்டும். கறுப்புத் துணிபோல மெல்லிசாக இருப்பது சில நாளில் தீர்ந்துவிடும். தலைவலியும் குமட்டலும் இல்லையென்றால் இதற்காகச் செலவு செய்ய அவசரமில்லை.

## மூடிய அறையில் தலைவலி, காலையில் எழுந்தால் மந்தம்

மூன்று பேர் படுத்த சின்ன அறையில் இரவு முழுவதும் கதவு ஜன்னல் மூடியிருந்தால், நாம் விட்ட மூச்சே சேர்ந்துவிடும். சுத்திகரிப்பான் கரியமில வாயுவை எடுக்காது.

முதலில் படுக்கையறைக் கதவைக் கூடத்துப் பக்கம் கொஞ்சம் திறந்துவையுங்கள். கூடத்து ஜன்னல் மூடியே இருக்கட்டும். பெரும்பாலும் இதிலேயே சரியாகிவிடும். அடுத்து, 1 மணி நேர எண்களை நாள் முழுதும் கவனித்து, எது குறைந்த நேரம் என்று பாருங்கள். மழை பெய்து முடிந்ததும் அநேகமாக நல்ல நேரம். அப்போது எதிரெதிர் ஜன்னலை விரியத் திறந்து பத்து நிமிடம் விட்டு மூடி, சுத்திகரிப்பானை உச்சத்தில் வையுங்கள்.

தண்ணீர் குடிப்பது குறைந்திருந்தாலும் தலைவலி வரும். ஆனால் வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, குமட்டல், மயக்கம் என்றால், அதுவும் கேஸ் ஹீட்டர் ஓடிய பிறகு என்றால், காத்திருக்காதீர்கள். ஹீட்டரை நிறுத்தி, ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து 995ஐ அழையுங்கள். வெளியில் எவ்வளவு புகை இருந்தாலும் இது அதைவிட ஆபத்து.

## வீடு வேகிறது, ஏர்கான் குளிரவில்லை

ஏர்கான் இருக்கிறது, காற்று குறைவு. முகப்பு மூடியைத் தூக்கி வலையைக் கழற்றிக் கழுவுங்கள், நிழலில் காயவைத்து மாட்டுங்கள். புகைமூட்ட நாளில் இதை வாரம் ஒருமுறை செய்தால் நல்லது. கழுவியும் தண்ணீர் சொட்டினாலோ உள்ளே பனிக்கட்டி பிடித்தாலோ சர்வீஸ்காரரைக் கூப்பிடுங்கள். அவர் வந்ததும் கெமிக்கல் வாஷ் வேண்டுமென்றால், சாதாரண சர்வீஸ் ஏன் போதாது என்று காட்டச் சொல்லுங்கள். பொறுப்பான ஆள் டார்ச் அடித்துக் காயிலைக் காட்டுவார்.

ஏர்கானே இல்லை. ஜன்னலை மூடி ஃபேன் போட்டாலும் மதியம் தாங்க முடியாது. வயதானவர்களுக்கு வெப்பம் புகையைவிடச் சீக்கிரம் ஆபத்தாகும். மதியம் 12 முதல் 5 வரை நூலகம், சமூக மன்றம், கடைத்தொகுதி என்று குளிர்ந்த இடத்துக்கு அழைத்துப் போய்விடுங்கள். தனியாக இருக்கும் பெரியவர்களின் கதவைத் தட்டிக் கேளுங்கள். பலர் தாங்களாக வந்து உதவி கேட்க மாட்டார்கள். பேச்சு குழறினாலோ, உடல் கொதித்தாலோ, எழுந்து நிற்க முடியவில்லை என்றாலோ 995.

துணி காயவில்லை, காய்ந்தாலும் வாடை. கம்பில் வெளியே போடாதீர்கள். உள்ளே ஃபேன் போட்டுக் காயவைத்தால் அறையில் ஈரம் ஏறும், ஏர்கானில் டிரை மோட் இருந்தால் போடுங்கள்.

## என்95 முகக்கவசம் போட்டும் தொண்டை எரிகிறது

மூக்குக் கம்பியை இரண்டு கை விரலாலும் அழுத்தி, கவசத்தை மூடிப் பிடித்து வேகமாக மூச்சு விடுங்கள். கன்னத்திலோ கண் பக்கமோ காற்று அடித்தால் கவசம் சரியாக உட்காரவில்லை. தாடி இருந்தால் எந்த என்95உம் உட்காராது. இரண்டு பட்டையும் தலைக்குப் பின்னால் போக வேண்டும். அறுவைச் சிகிச்சை முகக்கவசமும், நனைத்த கைக்குட்டையும் இந்தத் துகளைத் தடுக்காது. கவசம் அழுக்காகி, கசங்கி, மூச்சிழுக்கக் கனமாகிவிட்டால் புதிது எடுங்கள்.

பேருந்து நிறுத்தம் வரை நடப்பதற்கு ஆரோக்கியமானவர்களுக்கு இது தேவையில்லை. பல மணி நேரம் வெளியே இருப்பவர்களுக்குத்தான் தேவை. கர்ப்பிணிகள், இதயநோய் உள்ளவர்கள், மூச்சுக்கோளாறு உள்ளவர்கள் போடும்முன் மருத்துவரிடம் கேட்க வேண்டும். அது மூச்சிழுப்பதைக் கடினமாக்கும். தலை சுற்றினால் உடனே கழற்றிவிட்டு உள்ளே போங்கள்.

கட்டுமான வேலையில் இருக்கும் தம்பிகளுக்குத் தனியாகச் சொல்கிறேன். புகை அதிகமான நாளில் வெளிவேலையைக் குறைப்பதும், கனமான வேலையைத் தள்ளிப்போடுவதும், கவசம் கொடுப்பதும் முதலாளி செய்ய வேண்டியவை. மனிதவள அமைச்சின் வழிகாட்டுதலே அப்படித்தான். சூப்பர்வைசரிடம் கேட்கத் தயங்காதீர்கள். ஆஸ்துமா, இதயக்கோளாறு இருந்தால் அதை முன்னாடியே சொல்லிவிடுங்கள். விடுதியில் படுக்கும் இடத்தில் காற்று அடிக்கும் பக்க ஜன்னலை மூடுங்கள், எதிர்ப்பக்கம் கொஞ்சம் திறந்திருக்கட்டும். அத்தனை பேர் படுக்கும் அறையை முழுவதும் மூடக் கூடாது.

## கண் எரிச்சல், இருமல், இளைப்பு

கண் எரிச்சலுக்குக் கான்டாக்ட் லென்ஸைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி போடுங்கள். தேய்க்காதீர்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் கண்ணீர்ச் சொட்டு போதும். பார்வை மங்கினாலோ வலித்தாலோ மருத்துவரிடம் போங்கள். தொண்டைக் கரகரப்பு, வறட்டு இருமல் என்றால் வெந்நீர், உப்புநீர்க் கொப்பளிப்பு, உள்ளேயே இருத்தல். இரண்டு மூன்று நாளில் குறையாமல் காய்ச்சலோ மஞ்சள் சளியோ வந்தால் பலதுறை மருந்தகம்.

ஆஸ்துமா உள்ளவர்கள் தினமும் எடுக்கும் தடுப்பு மருந்தை ஒருநாளும் விடக் கூடாது. புகை வரும் காலத்தில் நன்றாக இருக்கிறதே என்று நிறுத்திவிடுவதால்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். உடனடி நிவாரணப் பம்பை எங்கே போனாலும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அதில் மருந்து மிச்சமிருக்கிறதா, காலாவதித் தேதி என்ன என்று இன்றைக்கே பாருங்கள். அந்தப் பம்பு நாலு மணி நேரம்கூடத் தாங்கவில்லை, திரும்பத் தேவைப்படுகிறது என்றால் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

கீழே உள்ள எதுவானாலும் வீட்டு வைத்தியம் இல்லை, 995தான்:

- ஒரு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் முடிக்க முடியவில்லை
- உதடோ நகமோ நீலமாகிறது
- நெஞ்சில் அழுத்தம், வலி கை அல்லது தாடைக்குப் பரவுகிறது
- பம்பு அடித்தும் இளைப்பு குறையவில்லை
- குழந்தைக்கு மூச்சிழுக்கும்போது விலாவுக்கு நடுவே தோல் உள்வாங்குகிறது, பால் குடிக்க முடியவில்லை, சோர்ந்து கிடக்கிறது

ஆம்புலன்ஸ் வரும்வரை உட்கார வைத்திருங்கள், படுக்க வைக்காதீர்கள்.

## காருக்குள் புகை

உள்காற்றுச் சுழற்சிப் பொத்தானை அழுத்துங்கள். வண்டி அணைத்துப் போட்டதும் சில கார்களில் அது தானாக வெளிக்காற்றுக்கு மாறிவிடும், ஒவ்வொரு முறையும் பாருங்கள். இன்னும் வாடை வந்தால், உள்ளே வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டரைப் பாருங்கள். பெரும்பாலான கார்களில் கையுறைப் பெட்டிக்குப் பின்னால் இருக்கும், கையாலேயே மாற்றலாம். நீண்ட பயணத்தில் உள்காற்றிலேயே ஓட்டினால் தூக்கம் கண்ணைக் கட்டும். அரை மணிக்கு ஒருமுறை ஓரிரு நிமிடம் வெளிக்காற்று விடுங்கள். பார்வை மங்கினால் முன்விளக்கைப் போட்டு, இடைவெளி விட்டு ஓட்டுங்கள்.

## புகை விலகிவிட்டது, வீட்டில் வாடை நிற்கிறது

1 மணி நேர எண் பல மணி நேரமாகக் குறைவாகவே இருக்கிறது என்று உறுதி செய்துகொண்டு, எல்லா ஜன்னலையும் திறந்து ஃபேனை வெளிப்பக்கம் பார்த்து வையுங்கள். ஒட்டிய டேப்பை எல்லாம் எடுத்துவிடுங்கள், குளியலறை லூவரை முதலில். இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும்.

துடைப்பத்தால் பெருக்க வேண்டாம், படிந்த தூசி மறுபடி எழும்பும். ஈரத்துணியால் மேலிருந்து கீழே துடைத்து வாருங்கள்: அலமாரி மேல்புறம், ஃபேன் இறக்கை, ஜன்னல் விளிம்பு, கடைசியில் தரை. திரைச்சீலை, தலையணை உறை, சோபாத் துணி எல்லாம் துவையுங்கள். ஏர்கான் வலையைக் கழுவுங்கள். வாடை ஏர்கான் போட்டதும் மட்டும் வருகிறதென்றால் காயிலில் படிந்திருக்கிறது, அப்போது சர்வீஸுக்கு ஆள் கூப்பிடலாம். மூடிய வீட்டிலும் ஒரு மூலையில் மட்டும் கருகல் வாடை தொடர்ந்தால் அங்கே பிளக் பாயின்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு உரிமம் பெற்ற மின்பணியாளரை வரச் சொல்லுங்கள்.